ஒளியால் இயங்கும் சிலிக்கான் சுவிட்ச்: உயர் திறன் ஆர்.எஃப். வழித்தடத்துக்கு ஒன்றை வடிவமைத்துச் சோதிக்கும் முழு வழிகாட்டி

நூறு வாட்டுக்கு மேற்பட்ட ஆர்.எஃப். (வானொலி அதிர்வெண்) வழித்தடத்தை பி.ஐ.என். டையோடு (நடுவே மாசில்லாத அடுக்கு கொண்ட குறைக்கடத்தி டையோடு) கொண்டு இணைத்தும் துண்டித்தும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: தொல்லை டையோடில் இருப்பதைவிட அதற்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பியில்தான் அதிகம். டையோடு கடத்த நேர்திசை மின்னோட்டமும், கடத்தாமல் நிற்கச் சில நூறு வோல்ட் வரை பின்னோக்குச் சார்பும் தர வேண்டும். அந்தக் கம்பி வழியே ஆர்.எஃப். கசியாதிருக்கச் சோக்குச் சுருளும் தடுப்பு மின்தேக்கியும் வேண்டும்; திறன் கூடும்போது பல நேரங்களில் இவைதான் முதலில் சூடேறுகின்றன. ஒளி பட்டால் கடத்தி, இருளில் கடத்தாமல் நிற்கும் ஒரு சிலிக்கான் துண்டைச் சுவிட்சாக்கினால் அந்தக் கம்பிக்குப் பதில் ஒளியிழை போதும். ஒளியிழைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஆர்.எஃப். புலத்தையும் அவ்வளவாகக் கலைக்காது. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருக்கும் லேசர் எத்தனை மீட்டர் தொலைவில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை கணக்கிட்டுக் காட்டுகிறேன்: 50 ஓம் மைக்ரோஸ்ட்ரிப் தடத்தில் (தரைத்தளத்தின் மேல், மின்காப்புப் பலகையில் ஓடும் உலோகப் பட்டை) தொடர் இணைப்பில் வைத்த ஒரு சிலிக்கான் துண்டு, 1 கிகாஹெர்ட்ஸ், 100 வாட் தொடர் அலை. எண்களை உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணக்கிடும் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முதலில் மின்னழுத்தம், அதிலிருந்து இடைவெளியின் நீளம், அதிலிருந்து ஒளி. பலர் கையில் இருக்கும் லேசரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறார்கள். அப்படிச் செய்த வடிவமைப்பு பெரும்பாலும் அணையும் கணத்தில்தான் கருகுகிறது. அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கருத்து எங்கிருந்து வந்தது

1975-இல் பெல் ஆய்வகத்தில் டேவிட் ஆஸ்டன் சிலிக்கான் மேல் அமைந்த ஒரு மைக்ரோஸ்ட்ரிப் தடத்தில் சிறு இடைவெளி விட்டு, அதன் மேல் 0.53 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளித்துடிப்பை வீழ்த்தினார். பச்சை ஒளி மேற்பரப்பிலேயே உட்கவரப்பட்டு அங்கே எலக்ட்ரான்களையும் மின்துளைகளையும் உண்டாக்கியது. இடைவெளி கடத்தத் தொடங்கியது. சற்றே தாமதித்து வந்த 1.06 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்பு சிலிக்கானின் முழு ஆழத்துக்கும் ஊடுருவி, தடத்தை அடியிலுள்ள தரைத்தளத்தோடு குறுக்கிணைப்புச் செய்து சைகையை நிறுத்தியது. ஒரே லேசரின் இரண்டு அலைநீளங்கள், ஒன்று தொடங்கவும் மற்றொன்று முடிக்கவும். ஒளி எவ்வளவு ஆழம் போகிறது என்பதே இந்தச் சுவிட்சின் உயிர்நாடி என்பது அன்றே தெரிந்துவிட்டது. அது பிக்கோவினாடிச் சோதனை. நமக்கு வேண்டியது மைக்ரோவினாடிகளிலும் நிமிடங்களிலும் திறனைத் தாங்கும் உறுப்பு. இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

படி 1: சுவிட்ச் தாங்க வேண்டிய மின்னழுத்தத்தைக் கணக்கிடுங்கள்

50 ஓம் தடத்தில் 100 வாட் செல்லும்போது உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். தொடர் சுவிட்ச் இருளில் இருக்கும்போது வரும் அலை முழுவதும் திரும்பிப் போகிறது. ஆகவே அதன் இரு முனைகளுக்கிடையே வீழ்வது அதன் இருமடங்கு, 200 வோல்ட். பொதுவாகச் சொன்னால், இருளில் இரு முனைகளுக்கிடையே வீழும் அந்த இருமடங்கு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தட மின்எதிர்ப்பின் எட்டு மடங்கால் வகுத்தால் தாங்கக்கூடிய திறன் கிடைக்கும். 1 கிலோவாட்டுக்கு 632 வோல்ட், 10 கிலோவாட்டுக்கு 2,000 வோல்ட்.

திரும்பிப் போகும் அந்த 100 வாட்டுக்கு எங்காவது ஓர் இடம் வேண்டும். பெருக்கிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு சர்குலேட்டரும் (திரும்பும் அலையை வேறு வாயிலுக்குத் திருப்பும் உறுப்பு), 100 வாட்டைத் தாங்கும் சுமைத்தடையும் வைக்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

சுவிட்சைத் தொடராக வைப்பதா, தடத்திலிருந்து தரைக்கு இணையாக வைப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். இணையாக வைத்தால் இருளில் விழும் மின்னழுத்தம் பாதிதான், ஆனால் ஒளியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்கு. நான் இதை மின்னழுத்தத்தை வைத்து முடிவு செய்வதில்லை. லேசர் செயலிழந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை வைத்தே முடிவு செய்கிறேன். லேசர் அணைந்தால் தொடர் சுவிட்ச் பாதையை அடைக்கும், இணை சுவிட்ச் பாதையைத் திறந்து விடும். பின்னால் இருப்பது நுட்பமான ஏற்பி என்றால், இரண்டாவது வகை நடு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 2: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

தேர்வு மூன்றுக்குள் அடங்கும். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான்வோல்ட், அது மறைமுக வகை ஆதலால் ஊர்திகள் (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களும் மின்துளைகளும்) நீண்ட நேரம் உயிரோடிருக்கும், நல்ல தகட்டில் நூறு மைக்ரோவினாடிக்கும் மேல். கேலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42 எலக்ட்ரான்வோல்ட், அது நேரடி வகை, ஊர்திகள் நேனோவினாடிகளில் மறைந்துவிடும். மேலும், சென்டிமீட்டருக்குச் சில கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட புலத்தில் அது பூட்டு நிலைக்குப் போகும்: ஒளி நின்ற பிறகும் மின்னோட்டம் மெல்லிய இழைகளாகத் தொடர்ந்து ஓடும், புலம் குறைந்தால்தான் நிற்கும். உயர் மின்னழுத்தத் துடிப்பாக்கிகளுக்கு இது வரம், ஏனெனில் மிகச் சிறிய ஒளியே போதும். ஆனால் நாம் சொன்னதும் அணைய வேண்டிய ஆர்.எஃப். சுவிட்சுக்கு அது ஆகாது. சிலிக்கான் கார்பைடு 3.26 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியும், சிலிக்கானைப் போலப் பல மடங்கு முறிவுப் புலமும், உயர்ந்த வெப்பக் கடத்துத்திறனும் கொண்டது. ஆனால் அதன் ஊர்திகளின் ஆயுள் குறைவு, தேவைப்படும் ஒளி பெரிது, அந்த ஒளியும் பச்சை அல்லது புறஊதாப் பகுதியில் வேண்டும்.

தொடர் அலைக்கும் மைக்ரோவினாடித் துடிப்புகளுக்கும் சிலிக்கானே என் தேர்வு. மிதவை மண்டல முறையில் வளர்த்த, 5 கிலோஓம்-செ.மீ. மின்தடை எண் கொண்ட தகட்டைக் கேட்டு வாங்குங்கள். கணினிச் சில்லுகளுக்கான சாதாரணத் தகட்டின் மின்தடை எண் சில ஓம்-செ.மீ. அளவில் இருக்கும்; அது இருளிலும் கடத்தும்.

படி 3: இடைவெளியின் நீளமும் ஒளியின் விலையும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாய்ப்பாட்டை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான். ஒளி பட்ட துண்டின் மின்தடை, இடைவெளி நீளத்தின் வர்க்கத்தை மூன்று எண்களின் பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும்: எலக்ட்ரானின் மின்னூட்டம், எலக்ட்ரான் மற்றும் மின்துளை இயக்க எண்களின் (புலத்தில் அவை எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதன் அளவு) கூட்டல், துண்டுக்குள் இருக்கும் எலக்ட்ரான்–மின்துளை இணைகளின் மொத்த எண்ணிக்கை. இதில் அகலமும் தடிமனும் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். துண்டை அகலமாக்கினால் அதே ஊர்திகள் பரந்து நிற்கும், அவ்வளவுதான். நீளம் மட்டும் வர்க்கமாக நிற்கிறது: இடைவெளியைப் பாதியாக்கினால் ஒளி கால் பங்கு போதும்.

சிலிக்கானில் இயக்க எண்களின் கூட்டல் ஏறக்குறைய 1,850 செ.மீ.²/வோல்ட்-வினாடி. 1 மி.மீ. இடைவெளியில் 1 ஓம் வேண்டுமென்றால் 3.4 × 10¹³ இணைகள் தேவை. 976 நேனோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 2.04 × 10⁻¹⁹ ஜூல்; ஆக உட்கவர வேண்டியது 7 மைக்ரோஜூல். பூச்சில்லாத சிலிக்கான் மூன்றில் ஒரு பங்கை எதிரொளித்துவிடும் என்பதால் மேலே வீழ்த்த வேண்டியது 11 மைக்ரோஜூல் அளவு.

இது ஒருமுறை நிரப்பும் கணக்கு. தொடர்ந்து கடத்த வைக்க, மறைந்துகொண்டே இருக்கும் ஊர்திகளை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்தியின் ஆயுள் 20 மைக்ரோவினாடி என்று வைத்தால், 1 வாட் லேசர் 6.3 × 10¹³ இணைகளைத் தாங்கி நிற்கும். கணக்குப்படி மின்தடை 0.54 ஓம். உண்மையில் அந்த அளவு கிடைக்காது. 1 × 2 × 0.3 மி.மீ. துண்டில் அத்தனை இணைகள் இருந்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10¹⁷. அந்த அடர்த்தியில் ஊர்திகள் ஒன்றோடொன்று மோதி இயக்க எண் குறையும், ஆஜர் மீளிணைவும் (எலக்ட்ரானும் மின்துளையும் இணைந்து தம் ஆற்றலை மூன்றாவது ஊர்திக்குத் தருவது) ஆயுளைத் தின்னத் தொடங்கும். 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்துக்கு இங்கேதான் வேலை: அது மின்தடையை நேரடியாக மாற்றாது, ஆனால் அடர்த்தியைக் குறைத்து இந்த இழப்புகளிலிருந்து காப்பாற்றும்.

1 ஓம் தொடர் மின்தடைக்கு இழப்பு 0.09 டெசிபல். 100 வாட்டில் மின்னோட்டத்தின் சராசரி இருமடி மூல மதிப்பு 1.41 ஆம்பியர், துண்டில் வெப்பமாவது 2 வாட்.

அப்படியானால் இடைவெளியை 0.3 மி.மீ. ஆக்கி ஒளியைப் பதினொன்றில் ஒரு பங்காக்கலாமே என்று தோன்றும். புலம் சென்டிமீட்டருக்கு 2 கிலோவோல்ட்டிலிருந்து 6.7 கிலோவோல்ட் ஆகும். சிலிக்கானின் உட்பகுதிக்கு இது ஒன்றுமில்லை, அது சென்டிமீட்டருக்கு 300 கிலோவோல்ட் வரை தாங்கும். ஆனால் முறிவு உட்பகுதியில் தொடங்குவதில்லை, மேற்பரப்பில் தொடங்குகிறது. உலோக விளிம்பின் கூர்மை, ஈரப்பதம், ஃபிளக்ஸ் கறை எல்லாம் சேர்ந்து மேற்பரப்பு தாங்கும் அளவைப் பல மடங்கு குறைத்துவிடும். சென்டிமீட்டருக்கு, பூச்சில்லாத துண்டுக்கு 3 கிலோவோல்ட், சிலிக்கோன் ஜெல் பூசியதற்கு 10 கிலோவோல்ட் என்று ஒரு வரம்பு வைத்துத்தான் நான் வரைகிறேன். இது என் எச்சரிக்கை வரம்பு, இயற்கை விதி அல்ல.

படி 4: இருளில் எவ்வளவு கசிகிறது

இடைவெளியைக் குறைப்பதற்கு இரண்டாவது தடை மின்தேக்குத்திறன். சிலிக்கானின் ஒப்புமை விடுதிறன் 11.7, நம் துண்டின் மின்தேக்குத்திறன் 0.062 பிக்கோஃபாரட். அடித்தளத்தின் வழியே வளைந்து செல்லும் புலத்தையும் சேர்த்தால் 0.1 பிக்கோஃபாரட் என்று வைக்கலாம். 1 கிகாஹெர்ட்ஸில் அதன் மின்எதிர்ப்பு 1,590 ஓம். தனிமைப்படுத்தல், அதாவது இருளில் சைகை குறையும் அளவு, 24 டெசிபல். அதாவது 100 வாட்டில் 0.4 வாட் கசியும். இடைவெளியை 0.3 மி.மீ. ஆக்கினால் அது 16 டெசிபலை ஒட்டி இறங்கிவிடும். 1 மி.மீ. இடைவெளியோடே 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் 5.5 டெசிபல்தான், நாலில் ஒரு பங்குக்கு மேல் இருளிலேயே கடந்துவிடும், அதைச் சுவிட்ச் என்று சொல்ல முடியாது. அங்கே துண்டின் குறுக்குப் பரப்பைக் குறைக்க வேண்டும், அல்லது இணையாக ஒரு தூண்டுசுருளை வைத்து மின்தேக்குத்திறனை ஒத்திசைவில் நீக்க வேண்டும்.

மின்தடை வழியே கசிவது இதோடு ஒப்பிட்டால் சிறிது. 5 கிலோஓம்-செ.மீ. தகட்டில் இருள் தடை 83 கிலோஓம். 200 வோல்ட் உச்சத்தில் 0.24 வாட் வெப்பம். ஆனால் இந்த எண் அறை வெப்பநிலைக்கு மட்டுமே உரியது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் வெப்பத்தால் உண்டாகும் ஊர்திகள் மாசின் ஊர்திகளைத் தாண்டிவிடும்; அதற்கு மேல் சூடு கடத்தலைக் கூட்ட, கடத்தல் சூட்டைக் கூட்ட, துண்டு தானாகவே ஓடிப்போய் உருகும்.

ஒரு சிறு ஒப்புதல். முதல் துண்டை அளந்தபோது எனக்கு இருள் தடை எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. தகடு தவறா, பற்றவைப்பில் கறையா என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருள் அளவீடு என்றால் கருப்புத் துணி போட்டு மூடிய இருள்.

படி 5: அலைநீளம்

ஒளி துண்டின் தடிமனோடு பொருந்தும் ஆழத்துக்கு ஊடுருவ வேண்டும். 808 நேனோமீட்டர் ஒளி சிலிக்கானில் 13 மைக்ரோமீட்டரில் மங்கிவிடும். 980 நேனோமீட்டர் 100 மைக்ரோமீட்டர் போகும். 1,064 நேனோமீட்டர் 1 மி.மீ. வரை போகும். நம் துண்டின் தடிமன் 0.3 மி.மீ. எனவே 1,064-இல் நாலில் மூன்று பங்கு ஒளி துண்டைத் துளைத்துக்கொண்டு வீணாகும். 808-இல் எல்லா ஒளியும் மேல் தோலிலேயே விழுந்து, மேற்பரப்பின் குறைகளில் ஊர்திகள் மாண்டுபோகும். தப்பியவை மட்டும் கீழே விரவும். 915 முதல் 980 வரையுள்ள பகுதிதான் சரியானது. நல்வாய்ப்பாக இழை லேசர்களுக்கு ஊட்டும் டையோடுகளும் இதே பகுதியில் வேலை செய்வதால், இழையோடு இணைத்த 10 வாட் டையோடுகள் சந்தையில் எளிதாகக் கிடைக்கின்றன.

தடிமனைக் கூட்டுவதில் பயனில்லை. 10¹⁷ அடர்த்தியில் துண்டின் கடத்தல் அளவுக்கு, 1 கிகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஊடுருவும் ஆழமே மூன்றரை நூறு மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும்.

படி 6: மேற்பரப்பு

விலை உயர்ந்த தகட்டை வாங்கி, வைரச் சக்கரத்தால் வெட்டி, அப்படியே பொருத்துபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். விற்பனைத் தாளில் ஆயுள் 1 மில்லிவினாடி என்று இருக்கும். ஆனால் 0.3 மி.மீ. தடிமனுள்ள துண்டின் இரு பக்கமும் மூடாத பரப்பாக இருந்தால், ஊர்தி பரப்பை அடைந்ததும் இறந்துவிடும். அடைய ஆகும் நேரம் விரவலைப் பொறுத்தது, கணக்கிட்டால் 5 மைக்ரோவினாடி. உள்ளே எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. ஆகவே வெப்ப ஆக்சைடோ சிலிக்கான் நைட்ரைடோ பூசி மேற்பரப்பை அமைதிப்படுத்த வேண்டும். நைட்ரைடின் தடிமனைச் சரியாகத் தேர்ந்தால் அதுவே எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சாகவும் அமையும். சூரிய மின்கலம் செய்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுதான். வெட்டிய பக்கச் சுவர்களை அமில அரிப்பால் மழமழப்பாக்கி, ஒளியை அவற்றிலிருந்து சற்று விலக்கியே வீழ்த்துங்கள்.

ஆயுளை எவ்வளவு நீட்டலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. லேசர் திறனையும் ஆயுளையும் பெருக்கினால் வருவது நம் துண்டுக்கு 20 மைக்ரோஜூல். 20 மைக்ரோவினாடிக்கு 1 வாட், 2 மைக்ரோவினாடிக்கு 10 வாட். நீண்ட ஆயுள் லேசரை மலிவாக்கும், அணைவதை மெதுவாக்கும்.

படி 7: தொடர்பு முனைகளும் பொருத்துதலும்

உலோகத்தை உயர் மின்தடைச் சிலிக்கான் மேல் நேரடியாகப் படிய வைத்தால் இடையில் ஒரு மின்தடுப்பு அரண் உருவாகி, அதுவே 1 ஓமைவிடப் பெரிய தடையாகிவிடும். முனைகளின் அடியில் பாஸ்பரஸை அடர்த்தியாக விரவச் செய்து, அதன் மேல் அலுமினியமோ, டைட்டானியத்தின் மேல் தங்கமோ படிய வையுங்கள். ஒளி இடைவெளியோடு நின்றுவிடாமல் முனையின் விளிம்பைச் சற்றுத் தழுவ வேண்டும். விளிம்பில் இருட்டாக ஒரு மெல்லிய கோடு எஞ்சினால் முழு வெப்பமும் அந்தக் கோட்டில் இறங்கும்.

அடித்தளத்துக்கு அலுமினியம் நைட்ரைடு நல்லது. அது செம்பைப் போல விரிவதில்லை. சிலிக்கான் கெல்வினுக்கு மில்லியனில் 2.6 பங்கு விரியும், அலுமினியம் நைட்ரைடு 4.5, செம்பு 17. செம்பின் மேல் நேரடியாகப் பற்றவைத்த துண்டு சூடேறி ஆறும் சுழற்சியில் விரிசல் விடும். வெப்பம் இரு முனைகள் வழியே மட்டும் வெளியேறினாலும் நம் துண்டின் நடுப்பகுதி வாட்டுக்கு 1.6 கெல்வின்தான் கூடுதலாக ஏறும். ஒளியின் வெப்பமும் ஆர்.எஃப். வெப்பமும் சேர்த்து 3 வாட்டுக்குள் என்பதால் ஒளி நிலையில் கவலையில்லை.

இழையின் முனையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று பார்ப்போம். 0.4 மி.மீ. உள்ளகமும் 0.22 எண் துளையும் (ஒளி விரியும் கோணத்தின் அளவு) கொண்ட இழையிலிருந்து ஒளி 12.7 டிகிரி அரைக்கோணத்தில் விரியும், 3.5 மி.மீ. உயரத்தில் அது 2 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகும். ஆனால் நம் இடைவெளி 1 × 2 மி.மீ. செவ்வகம். வட்டத்தில் பத்தில் நான்கு பங்கு இடைவெளிக்கு வெளியே, உலோகத்தின் மேல் வீணாகும். ஒரே இழைக்குப் பதில் இரண்டு இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில், தாழ்வாக வைத்தால் இந்த வீண் குறையும்.

976 நேனோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, எரிச்சலும் இமைப்பும் உண்டாக்காது. விழித்திரையைச் சுட்ட பிறகுதான் தெரியும். அந்த அலைநீளத்துக்கென்றே தரமிட்ட கண்ணாடி அணியுங்கள். பெட்டி மூடி திறந்தால் லேசரும் ஆர்.எஃப். பெருக்கியும் சேர்ந்து அணையும்படி கம்பியால் பூட்டு அமையுங்கள், மென்பொருளை நம்ப வேண்டாம்.

படி 8: அணையும் கணம்

ஒளி நிலையில் 2 வாட், இருள் நிலையில் கால் வாட். இந்த இரண்டையும் மட்டும் பார்த்தவர் சுவிட்ச் பாதுகாப்பானது என்று நினைப்பார். ஆனால் 1 ஓமிலிருந்து 83 கிலோஓமுக்குப் போகும் வழியில் துண்டு 100 ஓமைக் கடந்தாக வேண்டும். அந்த இடத்தில் அது மூலத்தோடும் சுமையோடும் பொருந்தி, வரும் திறனில் சரிபாதியை, 50 வாட்டை, தானே விழுங்கும்.

ஏறும்போது இது பெரிதில்லை. 1 வாட் லேசரை எரித்ததும் 100 ஓமை எட்ட இறுதி ஊர்திகளில் நூறில் ஒரு பங்கு போதும், 0.2 மைக்ரோவினாடியில் தாண்டிவிடும். முழு அளவை எட்ட மூன்று ஆயுட்காலம், அதாவது 60 மைக்ரோவினாடி ஆகும். அவசரமென்றால் தொடக்கத்தில் 2 மைக்ரோவினாடிக்கு மட்டும் 10 வாட் கொடுத்துப் பிறகு 1 வாட்டுக்கு இறக்கினால், அந்த 2 மைக்ரோவினாடியிலேயே நிரம்பிவிடும்.

இறங்கும்போது லேசரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒளியை நிறுத்தலாம், ஊர்திகளை இழுத்து வெளியேற்ற முடியாது. நேர்மின்னோட்டச் சுவிட்சில் புலமே ஊர்திகளை முனைகளுக்கு அடித்துச் செல்லும். 1 கிகாஹெர்ட்ஸில், ஒளி நிலையின் சிறு புலத்தில், அரைச் சுழற்சிக்கு ஊர்தி நகர்வது ஒரு மைக்ரோமீட்டரில் ஒரு சிறு பகுதிதான், மறு அரைச் சுழற்சியில் திரும்பிவிடும். ஒளி நிலையில் இது நமக்கு நன்மை, ஊர்திகள் வீணாவதில்லை. அணைக்கும்போது அதே நன்மை எதிராகத் திரும்புகிறது. மின்தடை ஒவ்வொரு ஆயுட்காலத்துக்கும் 2.7 மடங்காகக் கூடிக்கொண்டே போகும். 10 ஓமிலிருந்து 1,000 ஓம் வரையுள்ள சூடான பகுதியைக் கடக்க 92 மைக்ரோவினாடி ஆகும்.

இந்தப் பயணம் முழுவதிலும் துண்டில் இறங்கும் ஆற்றலைக் கூட்டினால் வியப்பூட்டும் அளவுக்கு எளிய விடை வருகிறது: திறனையும் ஆயுளையும் பெருக்கி இருமடங்காக்கினால் போதும். நமக்கு 2 × 100 வாட் × 20 மைக்ரோவினாடி, அதாவது 4 மில்லிஜூல். துண்டின் வெப்பக் கொள்ளளவு கெல்வினுக்கு 1 மில்லிஜூல். ஒவ்வோர் அணைப்பிலும் 4 கெல்வின் ஏறும். வினாடிக்கு ஆயிரம் முறை அணைத்தால் சராசரி 4 வாட், தாங்கும். இதே துண்டில் 10 கிலோவாட்டை அணைத்தால் ஒரே அணைப்பில் 400 கெல்வின். அது ஒருமுறை மட்டுமே வேலை செய்யும் சுவிட்ச்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆர்.எஃப். மூலத்தை ஓரிரு நூறு மைக்ரோவினாடி நிறுத்திவிட்டு அணைப்பது முதலாவது. முடியுமென்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஆயுளைக் குறைத்து லேசரைப் பெரிதாக்குவது இரண்டாவது. துண்டைப் பருமனாக்கி வெப்பக் கொள்ளளவைக் கூட்டுவது மூன்றாவது. படி 4-இல் பார்த்த மின்தேக்குத்திறன் அதற்கு வரி வசூலிக்கும்.

படி 9: சோதிக்கும் வரிசை

முதலில் ஆர்.எஃப். இல்லாமல், நேர்மின்னோட்டத்தில் இருள் தடையையும், லேசர் திறனுக்கு எதிரான ஒளித் தடையையும் வரைபடமாக்குங்கள். திறனை இருமடங்காக்கினால் தடை பாதியாக வேண்டும். சீக்கிரமே வளைந்து தட்டையானால் தொடர்பு முனைகளைச் சந்தேகியுங்கள்.

அடுத்து வெக்டர் நெட்வொர்க் அனலைசரில், சில மில்லிவாட்டில், ஒளி நிலை இழப்பும் இருள் நிலைத் தனிமைப்படுத்தலும். பிறகு 1 கிகாஹெர்ட்ஸ் சிறு சைகையைத் தொடர்ந்து செலுத்தி, லேசரைச் சதுரத் துடிப்பாக இயக்கி, வெளியீட்டை உணர்வி டையோடு வழியே அலைகாட்டியில் பாருங்கள். இறங்கும் வளைவிலிருந்து கணக்கிடும் ஆயுள்தான் உங்கள் உண்மையான ஆயுள். அதை வைத்துப் படி 8-இன் பெருக்கலை மீண்டும் போட்டுப் பார்க்காமல் உயர் திறனுக்குப் போகாதீர்கள்.

உயர் திறனை 5 வாட்டிலிருந்து தொடங்கி இருமடங்காக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் நிலையான ஒளி, பிறகு நிலையான இருள், கடைசியில்தான் திறனோடு அணைப்பது. வெப்பநிலையை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும்போது கவனம்: மாசு குறைந்த சிலிக்கான் அந்த ஒளிக்குப் பெரும்பாலும் கண்ணாடி போல, நீங்கள் காண்பது துண்டின் சூடு அல்ல, அடியில் இருக்கும் பீங்கானின் சூடு. கருப்பு வண்ணம் பூசினால் லேசர் ஒளியை மறைக்கும். நான் நம்புவது வேறொன்றை: அணைத்த உடனே திரும்பும் இருள் கசிவு, குளிர்ந்திருந்தபோது அளந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை. துண்டே தன் வெப்பமானி.

கிலோவாட்டுக்கு மேல்

புலத்தின் வரம்பு மாறாதிருந்தால் தாங்கும் திறன் இடைவெளியின் வர்க்கமாகக் கூடும். தேவைப்படும் ஒளியும் அப்படியே. ஆக ஒளித் திறன் ஆர்.எஃப். திறனுக்கு நேர்விகிதம், இதிலிருந்து தப்ப முடியாது. சென்டிமீட்டருக்கு 2 கிலோவோல்ட் வரம்போடு 10 கிலோவாட் வேண்டுமென்றால் இடைவெளி 1 செ.மீ., லேசர் 100 வாட்.

மெகாவாட்டுகளில் கம்பித் தடமே கைவிட வேண்டியதாகிறது. 1990-களில் ஸ்டான்ஃபோர்டின் முடுக்கி ஆய்வு மையத்தில் சமி தந்தாவியும் உடன் பணியாற்றியவர்களும், 11.424 கிகாஹெர்ட்ஸில் திட்டமிடப்பட்ட அடுத்த நேர்கோட்டுத் துகள் மோதுவிக்கான துடிப்பு அமுக்கிகளுக்காக இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். வட்ட அலைநடத்தியில் டி.இ. 01 என்ற முறையில் மின்புலக் கோடுகள் சுவரைத் தொடாமல் வளையங்களாக மூடிக்கொள்ளும்; சுவரில் மின்புலம் சுழி. அதன் குறுக்கே ஒரு சிலிக்கான் தகட்டை வைத்தால், தகட்டின் விளிம்பும் சுவரும் சந்திக்கும் இடத்தில் முறிவைத் தூண்டப் புலமே இல்லை, பற்றவைப்பும் வேண்டாம், உலோக முனையும் வேண்டாம். இருளில் தகடு அலையைக் கடக்க விடும். லேசர் பட்டதும் ஊர்திகள் நிறைந்து கண்ணாடியாகி அலையைத் திருப்பும். நம் ஒன்பது படிகளில் பாதிச் சண்டை மேற்பரப்போடும் தொடர்பு முனைகளோடும்தான். அவர்கள் அந்த இரண்டையும் புலம் இல்லாத இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 2004-இல் பன்னாட்டுக் குழு மீகடத்தி முடுக்கியைப் பரிந்துரைத்ததால் அந்த மோதுவி கட்டப்படவில்லை. ஆனாலும் 10 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யப் போகிறவர், மைக்ரோஸ்ட்ரிப்பில் 5.5 டெசிபலோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அந்தத் தகட்டை ஒருமுறை வரைந்து பார்க்கலாம்.